படம் எடுக்கும் முன் நாடகத்தைக் காப்பாற்றுங்கள்

கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ ஒரு தமிழ் நாடகம் நன்றாக அமைந்துவிட்டால், திரை விழுந்ததும் கலைஞர்களின் காதில் விழும் முதல் பாராட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: "இதைப் படமா எடுங்க!" மனமாரச் சொல்லப்படும் பாராட்டு அது. ஆனால், மேடையில் மக்கள் கொண்டாடிய நாடகங்கள் படமாகி ஏமாற்றிய வரலாறு நீளமானது. அப்படி ஒரு படம் தோற்றால் மூல நாடகத்தின் கதி என்ன என்பதை நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

இப்போது பேசியாக வேண்டும். உள்ளூரில் படம் எடுப்பது முன்பைவிட எளிதாகிவிட்டது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தமிழ் பேசும் படமும் இந்த நாட்டின் படம்தான் என்ற நம்பிக்கையை அது நம் இளைஞர்களுக்குத் தந்தது. அவர்கள் கதை தேடுகிறார்கள். மக்கள் முன் ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட கதைகள் மேடையில் இருக்கின்றன. கண் அங்கே போவது இயல்பு.

போகட்டும். ஆனால் மேடையில் உயிரோடு இருக்கும் ஒன்றை எடுத்துப் படமாக்கும்போது, எதைப் பணயம் வைக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மனோகரன் கண்ட இரண்டு படங்கள்

தமிழிலேயே இதற்கு அருமையான சான்று இருக்கிறது. சென்னையில் 1891இல் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். சட்டம் படித்தவர், பின்னாளில் நீதிபதியாகவும் இருந்தவர். கூத்தாடுவது குடும்பத்துக்கு ஆகாது என்று நினைத்த காலத்தில் படித்தவர்களை மேடை ஏற்றியவர். அவர் எழுதிய 'மனோகரா' 1895இல் அரங்கேறியது. பிறகு தமிழ்நாடெங்கும் எத்தனையோ குழுக்கள் அதை நூற்றுக்கணக்கான முறை நடித்தன.

1936இல் அந்த நாடகம் படமானது. எழுதிய சம்பந்த முதலியாரே அரசர் புருஷோத்தமனாக நடித்தார். அப்போது அவருக்கு 63 வயது. நாடகத்தின் ஒவ்வொரு வரியையும் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. இருந்தும் படம் தோற்றது.

18 ஆண்டுகள் கழித்து, 1954இல், ஜூபிடர் பிக்சர்ஸ் அதே நாடகத்தை மறுபடியும் படமாக்கியது. எல்.வி. பிரசாத் இயக்கினார். மு. கருணாநிதி வசனம் எழுதினார். சிவாஜி கணேசன் மனோகரனாகவும் கண்ணாம்பா தாய் பத்மாவதியாகவும் நடித்தார்கள். மலாயாத் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கும் அந்தப் படத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சங்கிலியில் பிணைக்கப்பட்ட மகன், தீர்ப்புச் சொல்லும் இடத்தில் தந்தை, இருவருக்கும் நடுவில் தாய்க்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கிலிருந்து தாயே மகனை விடுவிக்கும் கட்டத்தில் கேமரா முகங்களுக்கு அருகே போகிறது. மேடையின் கடைசி வரிசையில் இருந்தவருக்கு ஒருபோதும் தெரியாத கண்ணீர் இங்கே எல்லாருக்கும் தெரிந்தது.

கதை ஒன்றுதான். முதல் படம் மறைந்தது, இரண்டாவது நிலைத்தது. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் நாடகத்தைக் காப்பாற்றியது எது? இரண்டு விஷயங்கள். நாடகம் நூலாக அச்சில் இருந்தது. குழுக்கள் அதைத் தொடர்ந்து நடித்துக்கொண்டிருந்தன. 1936இன் தோல்வியைப் பார்த்து யாரும் 'மனோகரா' மோசமான நாடகம் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி நாடகம் கண்ணெதிரே இருந்தது.

இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். மூலநாடகம் அச்சிலும் மேடையிலும் இருக்கும் வரை, ஒரு மோசமான படத்தால் அதைக் கொல்ல முடியாது. அது இல்லாதபோது, தோற்ற படமே அந்த நாடகத்தின் கடைசி நினைவாகிவிடுகிறது.

சிரிப்புக்குக் காத்திருக்கும் மேடை

அனுபவம் குறைந்தவர்கள்தான் இப்படித் தடுக்கி விழுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். கே. பாலசந்தர் மேடையிலிருந்தே திரைக்கு வந்தவர். அவருடைய 'சர்வர் சுந்தரம்', 'மேஜர் சந்திரகாந்த்', 'எதிர் நீச்சல்' எல்லாம் நாடகங்களாக வெற்றி பெற்று, 1964க்கும் 1968க்கும் இடையில் படங்களாகவும் வெற்றி பெற்றவை. மேடையையும் திரையையும் அவரளவு அறிந்த இயக்குநர் தமிழில் அரிது.

அப்படிப்பட்டவர் 1983இல் கிரேஸி மோகனின் 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை 'பொய்க்கால் குதிரை' என்ற படமாக எடுத்தார். கவிஞர் வாலி அதில் நடித்தார். சென்னைச் சபாக்களில் வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த அந்த நாடகத்துக்கு மேடையில் கிடைத்த வரவேற்பு திரையில் கிடைக்கவில்லை.

சிரிப்பு நாடகம் எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் சிக்கல் புரியும். நடிகர் ஒரு வசனத்தைச் சொல்கிறார், அரங்கம் சிரிக்கிறது. அவர் கைக்குட்டையை மடிப்பதுபோல் ஏதோ செய்து, சிரிப்பு பாதி அடங்கும்வரை காத்திருந்து, சரியான நொடியில் அடுத்த வசனத்தைப் போடுகிறார். நேற்று நான்கு நொடி காத்திருந்தவர் இன்று ஆறு நொடி காத்திருப்பார். அன்றைய கூட்டம்தான் அதை முடிவு செய்கிறது. நாடகத்தின் பாதி அந்தக் கூட்டத்தின் கையில் இருக்கிறது.

படத்தில் அந்த இடைவெளி படத்தொகுப்பு மேசையிலேயே முடிவாகிவிடும். நிரம்பி வழியும் தியேட்டரில் ஒரு சிரிப்பு அடுத்த வசனத்தை விழுங்கிவிடுகிறது. பாதி காலியான தியேட்டரில் அதே இடைவெளி வெறுமையாகத் தெரிகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கோ நடிகர்கள் எதற்காகக் கத்துகிறார்கள் என்றே புரிவதில்லை.

அதே கிரேஸி மோகன் பின்னாளில் 'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காம ராஜன்' படங்களுக்கு வசனம் எழுதினார். இரண்டுமே இன்றும் சிரிக்கவைக்கின்றன. பேனா மாறவில்லை. ஆனால் அங்கே அவர் முதல் வரியிலிருந்தே கேமராவுக்காக எழுதினார். மேடைக்காக எழுதியதைக் கேமராவின் முன் நிறுத்தியபோது கிடைக்காதது, கேமராவுக்கென்றே எழுதியபோது கிடைத்தது.

பெரும் பணமும் காப்பாற்றாது

பணம் இல்லாததால்தான் உள்ளூர்ப் படங்கள் சோடைபோகின்றன என்பது அடிக்கடி கேட்கும் வாதம். 'கேட்ஸ்' படத்தின் கதை அதற்குப் பதில் சொல்கிறது.

ஆண்ட்ரூ லாய்ட் வெப்பரின் அந்த இசைநாடகம் லண்டனில் 1981இல் தொடங்கி 21 ஆண்டுகள் இடைவிடாமல் நடந்தது. நியூயார்க்கில் 18 ஆண்டுகள். மேடையில் நடிகர்கள் இறுக்கமான உடை, முடி, முகச்சாயம் ஆகியவற்றோடு பூனைகளாக வந்தார்கள். குப்பைமேட்டுப் பொருட்களையெல்லாம் பல மடங்கு பெரிதாகச் செய்து வைத்திருந்ததால், மனிதர்கள் பூனை அளவில் தெரிந்தார்கள். பார்வையாளர்களுக்கு அது போதும். மீதியைக் கற்பனை பார்த்துக்கொண்டது.

2019 டிசம்பரில் டாம் ஹூப்பர் இயக்கத்தில் படம் வந்தது. செலவு சுமார் 9.5 கோடி அமெரிக்க டாலர் என்று சொல்லப்பட்டது. பெரிய நட்சத்திரங்கள், கணினியில் வளர்த்த ரோமம். மனித முகத்தில் உண்மையானது போன்ற பூனை ரோமம் ஒட்டிய காட்சியைக் கண்டு மக்கள் அருவருத்தார்கள். ஒரு காட்சியில் ஜூடி டெஞ்சின் கை ரோமமே இல்லாமல், மோதிரத்தோடு அப்படியே தெரிந்தது. படம் வெளியான பிறகு, திருத்திய பிரதியைத் தியேட்டர்களுக்கு அனுப்ப வேண்டிய நிலை வந்தது. உலக வசூல் செலவைக்கூட எட்டவில்லை.

மேடை கற்பனைக்கு விட்டுவைத்த இடத்தைப் படம் பணம் போட்டு நிரப்பியது. அதுதான் தவறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'கேட்ஸ்' நாடகம் சாகவில்லை. 2024இல் நியூயார்க்கில் முற்றிலும் புதிய வடிவத்தில் மேடையேறிப் பாராட்டுப் பெற்றது. பாடல்களும் பிரதியும் பத்திரமாக இருந்ததால், படத்தின் தோல்வியை நாடகம் எளிதாகக் கடந்துவிட்டது.

நம் நாடகங்கள் எங்கே இருக்கின்றன?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். இந்த மண்ணில் தமிழ் நாடகத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கோலலங்காட் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவு, பந்திங் வரை பரந்திருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் கூத்தோ நாடகமோ இல்லாமல் நிறைவடையாது. பகலெல்லாம் பால்மரம் வெட்டியவர் இரவில் அரிச்சந்திரனாக நின்றார். வானொலியின் தமிழ்ப் பகுதி ஒலிபரப்பிய நாடகங்களை லயத்து வாசலில் கூட்டமாக உட்கார்ந்து கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

இன்றும் நாடகம் நடக்கிறது. கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கில், பள்ளி மண்டபங்களில், கோயில் மண்டபங்களில் நடக்கிறது. பிரிக்பீல்ட்சில் நுண்கலைக் கோயில் 1981 முதல் நாட்டியத்தையும் நாட்டிய நாடகத்தையும் வளர்த்துவருகிறது.

ஆனால் ஒரு நாடகம் முடிந்த மறுநாள் அதில் மிஞ்சுவது என்ன? பிரதி இயக்குநரின் கைப்பேசியிலோ ஒரு கோப்பிலோ கிடக்கும். பார்வையாளர் யாரோ எடுத்த, தலைகள் மறைக்கும் காணொளித் துண்டுகள் சில நாள் சுற்றும். பத்திரிகையில் ஒரு புகைப்படம் வரும். 1924இல் தொடங்கி நம் கலைநிகழ்ச்சிகளை எல்லாம் பதிவு செய்த 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுபோனதால் அந்தப் பதிவும் குறைந்துவிட்டது. தோட்டத்து நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

சம்பந்த முதலியாரின் நாடகத்துக்கு இருந்த காப்பு நம் நாடகங்களுக்கு இல்லை. இந்த நிலையில் ஒரு நல்ல நாடகத்தை எடுத்துப் படமாக்கி, படம் சரியில்லாமல் போனால், 18 ஆண்டு கழித்து வேறொருவர் அதைச் சரியாக எடுப்பதற்கு இங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

நட்டம் யாருக்கு?

முதலில் பார்வையாளருக்கு. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து நான்கு பேர் கொண்ட குடும்பம் கிள்ளான் பக்கம் படம் பார்க்கப் போனால் டிக்கெட், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எளிதில் நூறு வெள்ளியைத் தாண்டும். தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. நாடகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு நம்பிப் போனவர்கள் ஏமாந்து திரும்பினால், "உள்ளூர்ப் படம்னாலே இப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அடுத்து வரும் நல்ல படத்துக்கும் அந்தக் குடும்பம் வராது.

அடுத்து நடிகருக்கு. மேடையில் அந்தப் பாத்திரமாக வாழ்ந்தவரை விட்டுவிட்டு, தெரிந்த முகம் வேண்டும் என்று வேறொருவரைப் போடுவது வழக்கமாகிவிட்டது. சில சமயம் அது சரியாகவும் இருக்கலாம். மேடையில் பெரிதாக நடித்துப் பழகியவர் கேமராவின் முன் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும்; எல்லாராலும் அது முடியாது. ஆனால் அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் விடுவது அவருக்கு மட்டுமல்ல, படத்துக்கும் இழப்பு. எந்த வரி எங்கே எடுபடும் என்பதை நூறு பேர் முன் நின்று கற்றவர் அவர்.

பிறகு எழுத்தாளருக்கு. வாய்ப்பேச்சில், நட்பில் உரிமையைக் கொடுத்துவிடுகிறார். படம் வந்த பிறகு தன் நாடகத்தைத் தானே மேடையேற்றலாமா என்று கேட்டு நிற்கும் நிலைகூட வரலாம்.

கடைசியில் இளையோருக்கு. நாடகத்தைப் பார்த்திராத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, இணையத்தில் கிடைக்கும் அந்தப் படம்தான் நாடகம். பெரியவர்கள் ஏன் இதைப் புகழ்ந்தார்கள் என்று அந்தப் பிள்ளை வியப்பதில் குற்றமில்லை.

எதிர்த்திசையில் காட்டிய அக்கறை

நம் நாட்டில் படத்திலிருந்து மேடைக்குப் போன பயணங்கள் நன்றாகவே அமைந்திருக்கின்றன. 2004இல் வந்த 'புத்ரி குனோங் லேடாங்' படம் 2006இல் இஸ்தானா பூடாயாவில் இசைநாடகமானது. 2016இன் 'ஓலா போலா' படம் 2018இல் மேடையேறியது. இரண்டிலும் படத்தின் காட்சிகளை வரிசையாக மேடையில் அடுக்கவில்லை. கதையைப் பாட்டாக்கி, ஆட்டமாக்கி, அரங்குக்கென்றே புதிதாகச் செய்தார்கள்.

மேடைக்குப் போகும் படத்துக்கு அவ்வளவு உழைப்பு தேவை என்பதை ஏற்றுக்கொள்கிறோம். படமாகும் நாடகத்துக்கு மட்டும் கேமராவை வைத்தால் போதும் என்று எப்படி நினைக்கிறோம்?

இன்னொரு வழியும் இருக்கிறது. நாடகத்தைப் படமாக மாற்றாமல், நாடகமாகவே நேர்த்தியாகப் பதிவு செய்வது. லண்டனின் தேசிய நாடக அரங்கம் 2009 முதல் தன் நாடகங்களை இப்படித் தியேட்டர்களில் திரையிடுகிறது. 'ஹாமில்டன்' இசைநாடகத்தை மூல நடிகர்களுடனேயே 2016இல் அரங்கில் பதிவு செய்து, 2020இல் வெளியிட்டார்கள். 'கேட்ஸ்' படம் தோற்ற அடுத்த ஆண்டு அது. மேடை மேடையாகவே இருந்தது. கேமரா மட்டும் முதல் வரிசைக்கும் மேடையின் ஓரத்துக்கும் போனது. உலகெங்கும் மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். நம் குழுக்களின் வசதிக்கு ஏற்ற வழி இதுதான். ஒரு முழுநீளப் படத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்கு போதும்.

என்ன செய்யலாம்?

செய்யக் கூடியவை இவை. எதுவும் நம் சக்திக்கு மீறியதில்லை.

1. முதலில் பதிவு, பிறகு படம். ஒரு நாடகத்தைப் படமாக்குவது என்று முடிவானால், மூன்று நான்கு கேமராக்களோடும் சரியான ஒலிப்பதிவோடும் பார்வையாளர்கள் முன்னிலையில் அதை முழுமையாகப் பதிவு செய்யட்டும். படத்தின் பட்ஜெட்டிலேயே இதற்குத் தொகை ஒதுக்கப்பட வேண்டும்.

2. பிரதியை அச்சிடுங்கள். சில நூறு படிகள் போதும். தேசிய நூலகமே ஐஎஸ்பிஎன் எண் வழங்குகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே வெளியாகும் நூல்களின் படிகள் அந்த நூலகத்தில் சேர வேண்டும். ஒருமுறை சேர்ந்துவிட்டால் நாடகம் தொலையாது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கும் ஒரு படி கொடுக்கலாம். எஸ்.பி.எம். தமிழ் இலக்கியப் பாடத்தில் நாடகமும் ஒரு பகுதி. அச்சில் இருந்தால்தானே நம் நாட்டு நாடகங்களை நம் பிள்ளைகள் வகுப்பில் படிக்க முடியும்?

3. உரிமையை எழுத்தில் வையுங்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நாடகப் பிரதியையும் காக்கிறது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். திரை உரிமையை மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுங்கள். மேடை உரிமை எழுத்தாளரிடமே இருக்கட்டும். அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவில் படைப்பைப் பதிந்துவைத்தால் பின்னால் வழக்கு வந்தாலும் துணையிருக்கும்.

4. திரைக்கதையைப் புதிதாக எழுதுங்கள். நாடகப் பிரதியில் காட்சி எண் போட்டால் திரைக்கதை ஆகிவிடாது. வசனம் குறைவாகவும் இருக்கலாம், நிறையவும் இருக்கலாம்; 1954 'மனோகரா' வசனத்தால் நின்ற படம்தான். கேள்வி ஒன்றே ஒன்று: மேடையில் செய்ய முடியாத எதைக் கேமரா இந்தக் கதைக்குத் தரப்போகிறது? பதில் இல்லையென்றால், படம் எடுக்காமல் பதிவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேடையில் நடித்தவர்களை ஒத்திகைக்காவது அழைத்துக் கருத்துக் கேளுங்கள்.

5. படம் வரும் மாதத்தில் நாடகத்தையும் போடுங்கள். கோலாலம்பூரில் மட்டுமல்ல; கிள்ளான், பந்திங், தெலுக் பங்லிமா காராங் மண்டபங்களிலும் போடுங்கள். படம் பார்த்தவர் நாடகத்தையும் பார்த்துத் தானே ஒப்பிடட்டும். படம் நன்றாக இருந்தால் இரண்டுக்கும் கூட்டம் வரும். சுமாராக இருந்தால் நாடகத்தின் பெயராவது தப்பும்.

6. ஆதரவாளர்கள் நிபந்தனை வையுங்கள். கோயில் நிர்வாகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், தொழிலதிபர்கள் நாடகத்துக்கு நன்கொடை தருகிறார்கள். மாலை, பொன்னாடைக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியைப் பதிவுக்கும் அச்சுக்கும் என்று சொல்லியே கொடுக்கலாம். ஒரு சொல்லில் ஒரு பழக்கம் உருவாகும்.

7. பத்திரிகைகளும் தங்கள் பங்கைச் செய்யட்டும். நாடகத்துக்கு யார் தலைமை தாங்கினார், யார் திறந்து வைத்தார் என்பதோடு செய்தி முடிந்துவிடக் கூடாது. கதை என்ன, யார் எப்படி நடித்தார், மக்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள் என்று நான்கு பத்தி எழுதினால் அதுவும் ஒரு ஆவணம். நாளைக்குப் படம் எடுக்க வருபவருக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

இவ்வளவும் செய்த பிறகும் படம் தோற்கலாம். தோற்கட்டும். பாலசந்தருக்கே நேர்ந்தது நம் இளைஞர்களுக்கு நேராது என்று யாராலும் உறுதி தர முடியாது. முயன்று தோற்பவரை நாம் குறை சொல்லக் கூடாது. ஆனால் அவருடைய தோல்வி, அவருக்கு முன்னால் மேடையில் உழைத்தவர்களின் வெற்றியையும் சேர்த்து அழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் எல்லாருடைய கடமை.

இந்த ஆண்டு உங்கள் ஊரில் ஒரு தமிழ் நாடகம் நடந்தால் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். நன்றாக இருந்தால், "இதைப் படமா எடுங்க" என்று சொல்வதற்கு முன்னால், "இதை அச்சில் போட்டீங்களா? பதிவு செஞ்சீங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அதற்கு உங்களால் ஆன உதவியைச் செய்யுங்கள்.